ஆறாம் முத்திரை

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எத்தனைமணி" என்றுதான் சொல்வார்கள். "அதோ எத்தனைமணி வராரு, வாயைக் குடுத்து மாட்டிக்காத" என்று எதிர்வீட்டுக்காரி தன் புருஷனை உள்ளே இழுத்துக்கொள்வதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் இவர் கேட்கும் முதல் கேள்வி அது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் களவுபோய்விட்டது என்று புலம்ப வந்தார். எத்தனை மணிக்கு, யார் கடைசியாகப் பார்த்தது, எந்தப் பக்கம் சாய்த்து நிறுத்தியிருந்தது, பூட்டினது நிச்சயமா, அல்லது பூட்டினதாக ஞாபகமா? பத்து நிமிடத்தில் அந்த மனிதர், தன்னிடம் சைக்கிள் என்று ஒன்று இருந்ததா என்கிற சந்தேகத்தோடு வீட்டுக்குப் போனார்.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? எனக்கும் ரொம்ப நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. என் இடது கண் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கண் போனதற்கும் இவர் ஆபீஸ் மேசையில் கிடக்கும் ஒரு ரப்பர் முத்திரைக்கும் சம்பந்தம் உண்டு. அதை என் கடிதத்தின் மேல் குத்தும்போது, அது என் கடிதம் என்று இவருக்குத் தெரியுமா, தெரியாதா? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் இவருக்குச் சாப்பாடு போட்டேன். ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

முதலில் இவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமானத் துறைக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, நடைபாதையின் கடைசி அறை. "அடையாளம் தெரியாத வான்பொருள் விசாரணைப் பிரிவு" என்று பலகை. ஏதோ ரகசிய இடம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே போனால் இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, சுவரில் குண்டூசி குத்திய வரைபடம், இவர், ஒரு டைப்பிஸ்ட். அவ்வளவுதான். இவர் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. அதற்கு முன் இருந்த பிரிவில் சொந்த மேலதிகாரியின் விடுப்புக் கடிதத்தில் தேதி இடிக்கிறது என்று எழுதிக் கேட்டவர் இவர். அந்த மனிதர் யோசித்திருப்பார், இவனைப் பூமியில் வைத்திருந்தால் நமக்கு ஆபத்து, வானத்தைப் பார்க்க அனுப்பிவிடுவோம் என்று.

வானத்தில் எதையோ பார்த்தேன் என்று யாராவது எழுதினால் இவர் முப்பத்தெட்டுக் கேள்விகள் அச்சடித்த படிவத்தை அனுப்புவார். அது நிரப்பி வந்ததும், தேவைப்பட்டால் நேரில் போவார். பார்த்தவரைப் பார்த்த இடத்திலேயே நிறுத்தி, கையை நீட்டி முஷ்டியை மடக்கச் சொல்வார். "அந்தக் கூரைக்கு மேல எத்தனை முஷ்டி உயரத்துல பார்த்தீங்க?" ஒரு முஷ்டி பத்து டிகிரியாம். பிறகு அறைக்கு வந்து விமான நேர அட்டவணை, வானிலை ஆபீஸ்காரர்கள் பலூன் விடும் நேரம், கோள்கள் உதிக்கும் மறையும் நேரம் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். கடைசியில் ஒரு முத்திரை. விமானம், பலூன், கோள், பறவை, மேகம் என்று ஐந்து முத்திரைகள். மேற்கே மூன்று நாளாக ஒரு வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு ஜீப் ஓட்டிய போலீஸ் அதிகாரியிடமே நேருக்கு நேர் சொன்னவர் இவர்: "ஐயா, அது வெள்ளிக் கோள். நீங்க எவ்வளவு பெட்ரோல் போட்டாலும் அது அங்கயேதான் இருக்கும்."

ஆறாவது முத்திரையில் "பார்வையாளர்" என்று இருக்கும். பொருள் வானத்தில் இல்லை, பார்த்தவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். குடித்தவர், புளுகுகிறவர், கனவு கண்டவர், கண்ணில் கோளாறு உள்ளவர் எல்லாரும் அந்த ஒரே கூடையில். அதில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஐந்துக்கும் எழுதியவருக்குப் பதில் போகும். ஆறாவதுக்குப் போகாது. ஒருமுறை ஒரு பள்ளித் தலைமை ஆசிரியருக்கு, "பொருள் வானில் இல்லை, தங்கள் கண்ணில் உள்ளது" என்று பதில் போய், அவர், "என்னைக் குருடன் என்கிறார்களா?" என்று மந்திரி வரைக்கும் ஏறி இறங்கிவிட்டார். அன்றோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆறாம் முத்திரை விழுந்த கோப்புகளுக்குப் பதில் அனுப்பக்கூடாது. இவரும் அனுப்பமாட்டார். குத்துவார், மூடுவார், அலமாரியின் அடித்தட்டில் வைப்பார்.

இந்தக் கதைகளையெல்லாம் அந்தக் காலத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அதையும் மறைக்கக்கூடாது.

வீட்டிலும் இவருக்கு அதே உத்தியோகம்தான். தலை வலிக்கிறது என்றால், "எந்தப் பக்கம்? எத்தனை மணியிலேர்ந்து? குனிஞ்சா கூடுதா, நிமிர்ந்தா கூடுதா?" என்று ஆரம்பிப்பார். தலைவலி பயந்து ஓடிவிடும், இல்லாவிட்டால் நான் ஓடிவிடுவேன். எதையாவது அழுத்திச் சொன்னால், "எழுத்துல குடு" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று கல்யாணமான புதிதில் நினைத்தேன். நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். எழுத்தில் கொடுப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தாலும் அதை ஓரக்கண்ணால்தான் படிப்பார்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சடித்த காகிதம் எது கையில் கிடைத்தாலும் என் பேனா சும்மா இருக்காது. தவறைச் சுழித்து, ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் ஒரு கொக்கி போடுவேன். எல்லோரும் கோடு போடுவார்கள், கொக்கி மட்டும் என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, காலண்டர் என்று எங்கள் வீட்டில் என் கொக்கி விழாத காகிதம் இல்லை.

அது பாடப் புத்தக சீசன். பள்ளி திறப்பதற்குள் அடித்து முடிக்க வேண்டும் என்று அச்சகமே தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் நானும் பைண்டிங் பிரிவில் இருக்கும் அக்காவும் மொட்டைமாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளை வெளேரென்று வானம். அதில் கறுப்பாக ஒன்று. சிக்கல் விழுந்த நூலும் அதன் நுனியில் ஒரு வளையமுமாக மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது.

"அக்கா, அங்க பாருங்க."

"எங்க?"

"அதோ, தண்ணித்தொட்டிக்கு மேல."

"காக்காவா?"

"காக்கா இல்லக்கா, வளையம் மாதிரி."

"எனக்கு ஒண்ணும் தெரியலடி. வெயில்ல உனக்கு ஏதோ ஆயிடுச்சு. சாப்பிடு."

அடுத்த இரண்டு நாளும் அதே நேரத்தில் தெரிந்தது. கண்ணின் ஓரத்தில் யாரோ தீக்குச்சி உரசின மாதிரி பட்டப்பகலில் மின்னல் வேறு. வானத்தைப் பார்த்து ஏமாந்தவர்களைக் கேட்டுக் கேட்டு அத்தனை வருடம் சிரித்தவள் நான். அன்றைக்கு நானே ஏமாந்தேன். வெளியே வானத்தைப் பார்த்தால் தெரிகிறது, உள்ளே அறை இருட்டில் தெரியவில்லை. வேறு என்னதான் நினைப்பேன்? உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக இவர் என்னிடம் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் ஒன்று என் கையில் இருந்தது.

வீட்டில் சொன்னால் கிண்டல் வரும். என் பெயரில் எழுதினால் உறவினர் என்று கோப்பு மேலதிகாரியிடம் போய்விடும், அது விதி. அதனால் பைண்டிங் அக்காவின் பெயரும் முகவரியும் போட்டேன். "என்னை ஜெயில்ல போடாம இருந்தா சரி" என்று அக்கா சிரித்தாள். வீட்டில் படிவம் கட்டுக்கட்டாகக் கிடக்கும், இவர் பின்பக்கத்தில் குறிப்பெழுதக் கொண்டுவருவது. அதிலிருந்து ஒன்றை எடுத்து, எழுத்தை மாற்றிச் சாய்த்து எழுதினேன். முப்பத்தெட்டுக்கும் உண்மையான பதில். இருபத்தேழாவது கேள்வி, "நீங்கள் பார்வையைத் திருப்பியபோது பொருளும் உடன் நகர்ந்ததா?" ஆம் என்று எழுதினேன்.

எழுதிக்கொண்டு போகையில், படிவத்தில் 27 என்ற எண்ணே இரண்டுமுறை அச்சாகியிருப்பதைக் கண்டேன். 28 இல்லை. ஊரையே சந்தேகப்படுகிற மனிதர், பத்தொன்பது வருடமாகத் தன் சொந்தப் படிவத்தைப் பார்க்கவில்லை! கை தன்பாட்டுக்கு இரண்டாவது 27-ஐச் சுழித்து, ஓரத்துக்கு இழுத்து, 28 என்று போட்டு, கொக்கியும் போட்டுவிட்டது. தபால் பெட்டிக்குள் உறை விழுந்த பிறகுதான் அது உறைத்தது. போனால் போகட்டும், கண்டுபிடித்தால் கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஆபீஸ்ல இன்னைக்கு ஏதும் தபால் வந்துச்சா?"

இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்துச்சு. ஏன் கேக்கற?"

"சும்மாத்தான்."

"என்னைக்கும் கேக்காதவ இன்னைக்குக் கேக்கற?"

"அப்பா சாமி, கேக்கல. கைகால் கழுவுங்க."

அத்தோடு போயிற்று. பதில் வரும், வரும் என்று நானும் அக்காவைத் தினமும் கேட்டேன். வரவில்லை. ஆறாம் முத்திரைக்குப் பதில் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பொருளுக்கு ஆறாம் முத்திரை விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்? இதற்கிடையில் இடது பக்கத்து மூலையிலிருந்து கறுப்புத் துணி ஒன்று மெல்ல ஏறியது. கண்ணாடி பவர் கூடிவிட்டது, சீசன் முடியட்டும், போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எனக்கு மைனஸ் பன்னிரண்டு. சோடாபுட்டி என்று சின்ன வயதிலேயே பட்டம் வாங்கியவள்.

பதினோராம் நாள் மகள் லீவுக்கு வந்தாள். சாப்பிடும்போது இடது பக்கமாகத் தண்ணீர் டம்ளரை நீட்டியிருக்கிறாள். நான் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து என் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். "அம்மா, என் மூஞ்சி தெரியுதா?" நெற்றி மட்டும் தெரிந்தது. அடித்துப்பிடித்துக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விழித்திரை பிய்ந்துகொண்டு வந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்தார்கள். வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிற அளவுக்குத்தான் மிச்சமானது.

ஆஸ்பத்திரி நடையில் கண் டாக்டர் அம்மா இவரிடம் சொன்னார்: "முதல்ல நூல் மாதிரி கறுப்பா மிதந்திருக்கும், ஓரத்துல மின்னியிருக்கும். அப்ப விழித்திரை கிழிஞ்சுதான் இருக்கும், கழண்டிருக்காது. அன்னைக்கே வந்திருந்தா லேசர்ல தச்சு அனுப்பியிருப்பேன். இன்னொரு கண்ணுக்கும் இது வரலாம். மின்னுச்சுன்னா அதே நாள் இங்க இருக்கணும்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. மிச்சமிருந்த ஒரு கண்ணால் அந்த முகத்தை நான் பார்த்தேன். அது மனைவிக்குக் கண் போன துக்கம் மட்டும்தானா? அதற்குள் வேறு ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. இவருக்கே உரிய முப்பத்தெட்டுக் கேள்வியில் ஒன்றைக்கூட அன்றைக்கு இவர் கேட்கவில்லை. அது போதாதா சந்தேகத்துக்கு?

"கடுதாசி நான் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு அவரையே நேரா கேட்டுடேன்" என்றாள் பைண்டிங் அக்கா. நான் மாட்டேன் என்றேன். தெரிந்திருந்தால் அவரே சொல்லட்டும். தெரியாவிட்டால், தெரியாமல் செய்த மனிதரை ஏன் கொல்ல வேண்டும்? இப்படி நியாயம் பேசிக்கொண்டே ஒவ்வொரு நாளும் இவரைத் துருவினேன். கொக்கி போட்ட காகிதங்களை வேண்டுமென்றே இவர் கண்ணில் படும்படி வைப்பேன். பார்ப்பார், பார்வையை எடுத்துக்கொள்வார். எனக்கு அச்சகத்தில் பாதி வேலைதான் இப்போது. ஒற்றைக் கண்ணால் ஒரு நாளைக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் முடியாது.

இவரிடமும் ஒரு மாற்றம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நான் போனால் புத்தகத்தை எடுத்து மேலே வைத்துவிடுவார். ஒருநாள் சட்டைப் பையில் தபால் அட்டை ஒன்று. வெளியூரில் ஒரு பெண் பெயருக்கு முகவரி. திருப்பிப் பார்ப்பதற்குள் குளித்துவிட்டு வந்துவிட்டார். கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது: "தயவுசெய்து தாமதிக்காதீர்கள்."

தாமதிக்காதீர்களாமே! யாரவள்? எதற்குத் தாமதிக்கக்கூடாது? கட்டினவளுக்கு ஒரு கண் போனதும் இரண்டு கண்ணும் உள்ளவளாகத் தேடுகிறாரோ? உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த ஞாயிறு பார்த்தால் வேறு ஊர், வேறு பெண். அதற்கடுத்த வாரம் ஒரு ஆண் பெயர். எனக்குத் தலை சுற்றியது. இவரிடம் இருந்த வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

சென்ற மாதம் ஒரு காலை, இவர் எங்கோ முஷ்டி மடக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து நேராக ஆபீசுக்கே போனேன். டைப்பிஸ்ட் பெண் பதறி எழுந்து நாற்காலி போட்டாள்.

"ஏம்மா, உங்க சார் யார் யாருக்கோ கார்டு எழுதறாரே, உனக்குத் தெரியுமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்ககிட்ட சொல்லிட்டாரா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சுற்றறிக்கை இருக்கு, ரிட்டயராக ஒன்பது மாசம்தான். தெரிஞ்சா சார் வேலைக்கே உலை வச்சிடுவாங்க."

எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டு அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். ஆறாம் முத்திரைக் கோப்புகள், இருபத்தொரு வருடத்துடையவை. அவற்றில் இருபத்தேழாம் கேள்விக்கு ஆம் என்று எழுதியவர்களுடையதைப் பிரித்துத் தனியாக வைத்திருந்தார். ஒவ்வொரு மேலட்டையிலும் பச்சை மையில் ஒரு டிக், ஒரு தேதி.

"எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் எழுதறார் அக்கா. உங்க கண்ணை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, தாமதிக்காதீங்கன்னு. கையெழுத்துப் போடமாட்டார். ஒரு லாரி டிரைவர் மட்டும் தேடிட்டே வந்துட்டார். வானத்துல பார்த்ததைப் பத்தி நான் உங்களுக்கு மட்டும்தானே எழுதியிருந்தேன்னு சொல்லி, சார் கையைப் புடிச்சுட்டு அழுதார். அவருக்குக் கண்ணு தப்பிச்சிடுச்சாம்."

நான் யார் யாரையோ சந்தேகப்பட்டு வந்தவள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. பைண்டிங் அக்காவின் பெயர் போட்ட கோப்பைத் தேடினேன். அடியில் இருந்தது. மேலட்டையில் பச்சை டிக் இல்லை.

திறந்தேன். என் சாய்ந்த எழுத்து. என் கொக்கி. கொக்கியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில் இவர் கையெழுத்தில் பொடியாக: "வீட்டிலிருந்து. என்னைச் சோதிக்கிறாள். விதிப்படி முடிக்கவும்." அதன் கீழே ஆறாம் முத்திரை. தேதி, நான் தபாலில் போட்ட நாலாம் நாள். கண் இன்னும் என் கண்ணாக இருந்த நாள்.

தெரிந்திருக்கிறது! முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. நான் எழுதியது என்று தெரிந்து, இருபத்தேழுக்கு ஆம் என்றால் கண்ணில்தான் கோளாறு என்றும் தெரிந்து, நான் விளையாடுகிறேன் என்று முடிவுசெய்து குத்தியிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஏன் தபாலைப் பற்றிக் கேட்கிறாய் என்று என்னையே மிரட்டியிருக்கிறார். அந்தக் கோப்பை அப்படியே அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் தலையைத் தூக்கினேன்.

வலது கண்ணின் ஓரத்தில் தீக்குச்சி உரசியது.

இல்லை, கோபத்தில் அப்படி, என்று கண்ணைக் கசக்கினேன். மறுபடி உரசியது. பிறகு வானத்தின் குறுக்கே கறுப்பு நூல் ஒன்று மெல்ல இறங்கியது. நான் பார்த்த பக்கமெல்லாம் அதுவும் வந்தது. இருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் பேனா இல்லை, மகள் முகம் இல்லை, ஒன்றுமே இல்லை.

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். கையில் பை, தோளில் குடை. என் கையில் இருந்த கோப்பைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். டைப்பிஸ்ட் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக வெளியே போய்விட்டாள்.

இப்போது சொன்னால் நம்புவாரா? கோப்பைக் கண்டுபிடித்த அதே நிமிஷத்தில் அடுத்த கண்ணும் மின்னுகிறது என்றால், நானாக இருந்தாலும் நம்பமாட்டேனே. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை முறை என்று ஆரம்பித்தால் நான் இந்த ஜன்னல் வழியாகவே குதித்துவிடுவேன் என்று நினைத்தேன். சொல்லாமல் தனியாக இறங்கிப் போய்விடலாமா என்றும் நினைத்தேன். படியிறங்கவே பயமாக இருந்தது.

"வலது கண்ணுல மின்னுது. நூல் மாதிரி ஒண்ணு இறங்குது. நான் உங்களைச் சோதிக்கலைங்க" என்றேன்.

பை கீழே விழுந்தது. குடை விழுந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். நடுத்தெருவில் போய்க் கையை விரித்து நின்று டாக்ஸியை மறித்தார், ஓட்டினவன் திட்டியதைக்கூடக் காதில் வாங்கவில்லை. வண்டியில் ஒருமுறை வாய் திறந்தது. "எத்தனை" என்று வந்தது. மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையை விடவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் இவர் என்னை நம்பி நான் பார்த்தது அந்த இருபது நிமிஷம்தான்.

"எப்பலேர்ந்து?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"முக்கால் மணி நேரம் இருக்கும்" என்றேன்.

"கிழிசல்தான். ஆனா இன்னும் கழலல. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்று இவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு லேசர் அறைக்குக் கூட்டிப் போனார். கண் தப்பித்தது. வெளியே வந்தபோது இவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. எட்டாம் நாள் காலை என் முன்னால் ஒரு படிவத்தை வைத்தார். முப்பத்தெட்டுக் கேள்விப் படிவம், இவர் கையெழுத்தில் நிரப்பியது.

"எழுத்துல குடுத்திருக்கேன்" என்றார்.

கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தேன். பார்த்த பொருள் என்ன? என் மனைவி எழுதிய கடிதம். எவ்வளவு தூரத்தில்? கை நீட்டும் தூரம். அடையாளம் தெரிந்ததா? தெரிந்தது. உடனே யாரிடமாவது தெரிவித்தீர்களா? இல்லை. ஏன்? கேலி செய்கிறாள் என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பிறகாவது தெரிவித்தீர்களா? மற்றவர்களுக்கெல்லாம் அட்டை எழுதினேன், அவளுக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை வரவில்லை.

இருபத்தேழு. நீங்கள் பார்வையைத் திருப்பியபோது பொருளும் உடன் நகர்ந்ததா? ஆம். இரண்டு வருடமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வருகிறது.

அதற்குக் கீழே இருந்த இரண்டாவது 27-ஐ அவரே சுழித்து, ஓரத்தில் 28 என்று போட்டிருந்தார். கொக்கி போடவும் பார்த்திருக்கிறார், வரவில்லை, கோணலாக இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஆறாம் முத்திரையைக் குத்தியிருந்தார். பார்வையாளர்.

நான் படிவத்தை மடித்து மேசைமேல் வைத்தேன். இவர் நின்றுகொண்டே இருந்தார்.

"பதில்?" என்று கேட்டார்.

"ஆறாம் முத்திரைக்குப் பதில் போடறதில்லையே. உங்க சுற்றறிக்கைதானே அது?"

சுவரில் மணி எட்டு. சொட்டு மருந்து விடவேண்டிய நேரம். நான் நாற்காலியில் சாய்ந்து முகத்தை நிமிர்த்தினேன். அவர் மருந்து சீசாவை எடுத்து வந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு விட்டார்.